அம்மாவோடு ஒரு நாள் லெய்டன் போகலாமா?

ஏப்ரல் நடுவில் ஆம்ஸ்டர்டாமில் நான்கு நாள் இருக்கப் போகிறீர்கள். கூட 68 வயது அம்மா வருகிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியை, சோழர் காலத்து லெய்டன் செப்பேட்டைப் பார்க்க ஆசைப்படுகிறார். உங்களுக்கோ மாணவர்கள் நிறைந்த கலகலப்பான பல்கலைக்கழக ஊர் ஒன்றைச் சுற்றிப் பார்த்தால் போதும், அருங்காட்சியகம் அருங்காட்சியகமாக அலைய மனமில்லை. லெய்டனா, உத்ரெக்ட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் இரண்டில் எது என்பதைவிட, இருவர் ஆசையும் ஒரே நாளில், அம்மாவின் முழங்காலைப் படுத்தாமல் நிறைவேறுமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலக் கரை ஆவணங்களைப் படிக்கப் போனவன். அந்த ஆவணங்கள் இருப்பது ஹேகில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். ஆனால் நான் படித்ததும் குடியிருந்ததும் லெய்டனில், ஏழு ஆண்டுகள். அதனால் லெய்டன் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். உத்ரெக்ட் பெரிய ஊர். 112 மீட்டர் உயரக் கோபுரமும், கால்வாயின் நீர்மட்டத்தை ஒட்டியே உள்ள பழைய சரக்கறைகளில் நடக்கும் உணவகங்களும் அங்கே உண்டு. நண்பர்களோடு போய் இரவு வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் உத்ரெக்ட்டைத்தான் சொல்வேன். அம்மாவோடு பகல் பொழுதுக்கு லெய்டன். முடிந்தால் புதன்கிழமை போங்கள்.

ஏன் புதன்? லெய்டனில் சந்தை புதனும் சனியும் கூடுகிறது. சனிக்கிழமை கூட்டம் அதிகம், ஆனால் அது குடும்பங்களின் கூட்டம். டச்சு மாணவர்களில் பலர் வெள்ளி மாலையே பையைத் தூக்கிக்கொண்டு அப்பா அம்மா வீட்டுக்கு ரயில் ஏறிவிடுவார்கள். வார இறுதியில் போய்விட்டு "மாணவர் ஊர் என்றார்களே, ஒருத்தரையும் காணோமே" என்று திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். புதன்கிழமை என்றால் வகுப்பும் நடக்கும், சந்தையும் இருக்கும்.

இனி அம்மாவின் ஆசை. இதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஏமாற்றத்துக்கு வாய்ப்பு அதிகம் இதில்தான். நாம் லெய்டன் செப்பேடு என்று சொல்லும் ஆனைமங்கலம் செப்பேடுகள், அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து யார் வந்தாலும் காட்டுகிற பொருள் அல்ல. 1862-இல் அவை பல்கலைக்கழகத்திடம் போய்ச் சேர்ந்து, அதன் நூலகச் சேகரிப்பில் இடம்பெற்றன. நேரில் போய் வாசலில் நின்று கேட்டால் எடுத்துக் காட்ட மாட்டார்கள். இந்தியா அவற்றைத் திருப்பிக் கேட்டும் இருக்கிறது. ஆகவே புறப்படும் முன் நூலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, இப்போது செப்பேடுகள் எங்கே இருக்கின்றன, பார்வையாளருக்குக் காட்டுவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் சாதகமாக இல்லை என்றால் அம்மாவிடம் ஆம்ஸ்டர்டாமிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தெரிந்துகொள்வது மனதுக்குக் கஷ்டம்.

பார்க்க முடியாமல் போனாலும் அம்மா படிக்க முடியும். பெரிய செப்பேட்டின் முழு வாசகமும், கல்வெட்டு வாசகங்களை வெளியிடும் எபிகிராஃபியா இண்டிகாவின் 22-ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. 21 ஏடுகள், அவற்றைக் கோத்த வளையத்தில் ராஜேந்திரனின் முத்திரை. 5 ஏடுகளில் வடமொழி, 16 ஏடுகளில் தமிழ். சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசன் மாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் கொடையாக, கொடுத்த செய்தி அது. அப்பன் வாயால் சொன்னதை மகன் செம்பில் வெட்டுவித்தான், அதனால்தான் முத்திரை ராஜேந்திரனுடையது. சிறிய செப்பேடு 3 ஏடுகள், முதலாம் குலோத்துங்கன் காலம், 1090. சைவ அரசன், பௌத்தப் பள்ளி, கடல் கடந்த நன்கொடையாளன். ஒரு தமிழாசிரியைக்கு இந்த வாசகத்தை வரி வரியாகப் படிப்பதில் கிடைக்கும் நிறைவு, பெட்டிக்குள் இருக்கும் செம்பைப் பத்து நிமிடம் பார்ப்பதில் கிடைக்காது என்பது என் எண்ணம்.

இது எப்படி ஹாலந்து போனது என்பதில் உறுதியான பாதி உண்டு, ஊகமான பாதியும் உண்டு. நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்து, 1781-இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை வைத்திருந்தார்கள். ஃப்ளோரென்டியஸ் காம்பர் என்ற பாதிரியார் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செப்பேடுகளை ஹாலந்துக்குக் கொண்டுபோனார். இதுவரை உறுதி. அவர் கைக்கு அவை வந்த விதம் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன: கோட்டை கட்டத் தோண்டும்போது கிடைத்தது, யாரோ பரிசாகக் கொடுத்தது, எடுத்துக்கொண்டது என்று. இவற்றில் எதையும் தாங்கி நிற்கும் ஆவணத்தை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. யாராவது அடித்துச் சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

சரி, ஊருக்குப் போவோம். ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலிலிருந்து ரயிலில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். ஸ்கிப்போல் விமான நிலையத்திலிருந்து இன்னும் கிட்டே, இருபது நிமிடத்துக்குள். வங்கி அட்டையையே தட்டி ஏறி, தட்டி இறங்கலாம். ஆனால் ஓர் அட்டை ஒருவருக்குத்தான். அம்மாவுக்குத் தனி அட்டை வேண்டும். நாம் செப்பேட்டால் பழகி லெய்டன் என்கிறோம், ஊர்க்காரர்கள் சொல்வது லைடன். வழி கேட்கும்போது அப்படியே சொல்லுங்கள். (யாழ்ப்பாணத்து வேலணைத் தீவுக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயரும் லெய்டன்தான், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். அம்மாவுக்கு இது பிடிக்கும்.) ஏப்ரல் என்பதால் ரயில் நிலையத்தில் கூட்டம் நெரியும், ஏனென்றால் கூகன்ஹோஃப் துலிப் தோட்டத்துக்கு இங்கிருந்தும் பேருந்து உண்டு. அந்த வரிசையில் மாட்டிக்கொள்ளாமல் ஊர்ப் பக்க வாசலில் வெளியே வந்துவிடுங்கள். அதே நாளில் துலிப் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கவே வேண்டாம், இரண்டும் கெட்டுப்போகும்.

வாசலிலிருந்து நேரே நடந்தால் இடப் பக்கம் உயரமாக ஒரு காற்றாலை தெரியும், டி வல்க், 1743-இல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள், உள்ளே படிகள் செங்குத்து. பத்துப் பதினைந்து நிமிட நடையில் ராப்பன்பர்க் என்ற கால்வாய்த் தெரு வந்துவிடும். நீங்கள் தேடும் ஊர் இந்தத் தெருதான். நம் ஊர்ப் பல்கலைக்கழகம் போல மதிலும் வளைவும் காவலாளியும் இருக்கும் என்று தேடாதீர்கள். அறிவியல் துறைகள் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் தனியாக இருக்கின்றன, சில துறைகள் ஹேகில். மற்றவை பழைய ஊருக்குள் வீடுகளோடு வீடாகக் கலந்து கிடக்கின்றன. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சாப்பிடுகிறவர், சைக்கிளின் முன்கூடையில் நாற்காலி ஒன்றைத் திணித்து ஓட்டிப் போகிறவர், படகில் கால் நீட்டிப் படிக்கிறவர், எல்லாரும் இங்கே மாணவர்கள்தான். வெயில் அடித்தால் தெருவே வகுப்பறை முற்றம் போலாகிவிடும்.

ராப்பன்பர்க் 28-இல் தொல்பொருள் அருங்காட்சியகம். அருங்காட்சியகம் வேண்டாம் என்றீர்கள், தெரியும். முன்கூடத்தில் மட்டும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எகிப்திலிருந்து வந்த தாஃபே கோயில் முழுதாக அங்கே நிற்கிறது. அஸ்வான் அணை நீரில் மூழ்கவிருந்த நினைவுச் சின்னங்களைக் காப்பாற்ற உதவியதற்காக எகிப்து 1969-இல் கொடுத்தது. கோயிலைப் பார்க்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது எகிப்து வைத்த நிபந்தனை. செப்பேட்டை நினைத்துக்கொண்டு வருகிற நமக்கு, உரியவர் மனமொப்பிக் கொடுத்த பொருள் எப்படி இருக்கும் என்று பார்ப்பதில் ஓர் அர்த்தம் உண்டு.

அதே கால்வாயோரம் நடந்தால் 73-ஆம் எண்ணில் அகாடமிக் கட்டடம். பழைய கன்னிமாட ஆலயம், 1581 முதல் பல்கலைக்கழகத்தின் கையில். பல்கலைக்கழகம் அதற்கும் ஆறாண்டு முன்னால், 1575-இல் தொடங்கியது, நெதர்லாந்திலேயே மூத்தது. இங்கேதான் நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம் இருக்கிறது, பயண நூல்களில் அவ்வளவாக வராதது. இந்தக் கட்டடத்தில் நடக்கும் முனைவர் பட்ட வைவாவை, அதாவது வாய்மொழித் தேர்வை, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன தலைப்பு என்று போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் நடப்பவை நிறைய. நேரத்துக்கு முன்பே போய் உட்கார வேண்டும், நடுவில் எழுந்து வரக் கூடாது. கறுப்பு அங்கியும் தொப்பியுமாகப் பேராசிரியர்கள் வரிசையாக நுழைவார்கள். எதிரே ஆய்வாளர், அவருக்குத் துணையாகப் பாரநிம்ஃப் எனப்படும் இரண்டு நண்பர்கள். முக்கால் மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. சரியாக 45-ஆவது நிமிடத்தில் பேடல் என்ற அலுவலர் உள்ளே வந்து தன் கோலைத் தரையில் தட்டி, "ஹோரா எஸ்ட்" என்பார். நேரமாகிவிட்டது என்பதற்கு லத்தீன். ஆய்வாளர் வாக்கியத்தின் பாதியில் இருந்தாலும் அத்தோடு நிறுத்தலாம்.

நான் முதல் வருடம் அதைப் பார்த்தபோது, பின்வரிசையில் ஒரு மீன்கடைக்காரர், கடை உடுப்போடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளின் வைவா. தலைப்பில் ஒரு சொல்கூட அவருக்குப் புரிந்திருக்காது. பல வருடம் கழித்து அதே அறையில் என் முறை வந்தபோது, என் அம்மா சின்னாளப்பட்டுப் புடவையில் முதல் வரிசையில் இருந்தார். உங்கள் அம்மா எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஊர் பேர் தெரியாத ஒரு பிள்ளை பட்டம் வாங்குவதை அவர் பார்க்கட்டும் என்று நினைக்கிறேன். அப்புறம் மாடிப்படிச் சுவரில் விக்டர் டி ஸ்டூயர்ஸ் 1865-இல் மாணவர் வாழ்க்கையை வரைந்த கரிக்கோட்டுப் படங்கள் இருக்கின்றன. மேலே வியர்வை அறை என்ற சின்ன அறை. தேர்வு முடிவுக்குக் காத்திருந்தவர்கள் வியர்த்த இடம், தேறியவர்கள் சுவரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். சர்ச்சிலும் மண்டேலாவும் இந்தப் பல்கலைக்கழகத்தின் கௌரவ முனைவர் பட்டம் வாங்கியவர்கள், அவர்கள் கையெழுத்தும் சுவரில் உண்டு. அந்த அறை அன்று திறந்திருக்குமா என்பது அன்றைய நிகழ்ச்சிகளைப் பொறுத்தது. வாசலில் பணிவாகக் கேளுங்கள்.

இந்தக் கட்டடத்தின் பெரிய கூடத்தில் 1940 நவம்பர் 26 அன்று நடந்ததையும் அம்மாவிடம் சொல்லுங்கள். ஜெர்மானியர் ஆக்கிரமிப்புக் காலம். யூதர் என்பதற்காக எட்வார்ட் மேயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவர் எடுக்க வேண்டிய வகுப்பு நேரத்தில், சட்டப் புலத் தலைவரும் மேயர்ஸின் மாணவருமான கிளெவெரிங்கா மேடையேறி, தன் ஆசிரியரின் பெருமையை அமைதியாக எடுத்துச் சொன்னார், நீக்கியதைக் கண்டித்தார். மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிளெவெரிங்கா சிறைக்குப் போனார், பல்கலைக்கழகத்தை மூடினார்கள். ஒரு மாணவர் தன் ஆசிரியருக்குச் செய்த மரியாதைகளில் இதற்கு மேல் ஒன்றை நான் அறிந்ததில்லை.

கட்டடத்தின் பின்புறமே தாவரத் தோட்டம், 1590-இல் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். பெஞ்சுகள் நிறைய, பாதை சமதளம், கழிப்பறை வசதி உண்டு. அம்மா ஓய்வெடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. தாவரவியலாளர் கிளூசியஸ் இங்கே நட்ட துலிப் 1594-இல் பூத்தது. ஹாலந்தின் முதல் துலிப் என்பார்கள். அதற்கு முன்பே வேறு தோட்டங்களில் பூத்திருக்கலாம் என்ற வாதமும் உண்டு, அதனால் "முதல்" என்பதை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். இலங்கையில் கம்பெனி மருத்துவராக இருந்து செடிகொடிகளைச் சேகரித்த பவுல் ஹெர்மன் பிற்பாடு இந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். அவருடைய உலர்செடித் தொகுப்பை வைத்துத்தான் லின்னேயஸ் 1747-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை எழுதினார்.

தோட்டத்திலிருந்து வெளியே வந்து கால்வாயோரமாகவே மேலும் நடந்தால், ஸ்டேன்ஸ்கூர் என்ற பகுதியில் சட்டப் புலம் இருக்கும் பெரிய செங்கல் கட்டடம். 1807 ஜனவரி 12 அன்று வெடிமருந்து ஏற்றி நின்ற படகு ஒன்று இங்கே வெடித்து, சுமார் 150 பேர் இறந்து, தெருக்கள் தரைமட்டமாயின. வெறுமையான அந்த இடத்தில் ஒரு பக்கம் பூங்கா வந்தது, மறுபக்கம் இயற்பியல் ஆய்வகம். அந்த ஆய்வகத்தில்தான் காமர்லிங் ஓனஸ் 1908 ஜூலை 10 அன்று ஹீலியத்தை முதன்முறையாகத் திரவமாக்கினார், 1911-இல் மீக்கடத்தலை, அதாவது கடுங்குளிரில் மின்தடை மறைந்துபோவதை, கண்டார். இன்று அதே கூரையின் கீழ் பிள்ளைகள் ஒப்பந்தச் சட்டம் படிக்கிறார்கள். உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை, பூங்கா பெஞ்சிலிருந்து பார்த்தால் போதும்.

மதியத்துக்குச் சந்தை. புது ரைன் கால்வாயின் ஓரமாகக் கடைகள் நீளும். அம்மா சைவம் என்றால், சீஸ் கன்றின் வயிற்று நொதியில் (ரென்னட்) உறைத்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். லெய்டன் சீஸ் என்பதே சீரகம் போட்டதுதான், கடையில் கேட்டால் ஒரு துண்டு வெட்டித் தருவார்கள். அந்த மணம் நமக்கு உடனே பழகிவிடும். சூடான ஸ்ட்ரூப்வாஃபல், பாகு உள்ளே இளகியிருக்கும்போதே சாப்பிட வேண்டும். நீங்கள் மீன் சாப்பிடுவீர்கள் என்றால் வெங்காயம் தூவிய ஹெரிங். ஊர்க் கதையே இந்த மீனில்தான் இருக்கிறது. 1574-இல் ஸ்பெயின் படை முற்றுகையிட்டு ஊர் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது. ஸ்பெயினை எதிர்த்துக் கிளர்ந்த டச்சுக்காரர்கள் அணைகளை உடைத்து வயல்களில் நீரை ஏற்றி, படகுகளில் வந்து அக்டோபர் 3 அன்று மீட்டார்கள். ஹெரிங்கும் வெள்ளை ரொட்டியும் கொண்டுவந்தார்கள். இன்றும் அந்த நாளில் ஊரார்க்கு அவற்றைக் கொடுக்கிறார்கள். இவ்வளவும் வரலாறு. வரி விலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்று கிளர்ச்சியின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் கேட்க, ஊர் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தது என்று வழிகாட்டிகள் சொல்வது பின்னால் சேர்ந்த கதை. பகைவர் விட்டுப்போன பாசறையில் ஒரு சிறுவன் காய்கறிக் கூழ் இருந்த பானையைக் கண்டெடுத்தான் என்பதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூழின் வாரிசான கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு மசியலை ஹுட்ஸ்பாட் என்பார்கள், இறைச்சி இல்லாமல் கேட்டு வாங்க வேண்டும்.

சந்தைக்குப் பக்கத்திலேயே புர்க்ட், மண்மேட்டின் மேல் வட்டமான பழைய கோட்டைச் சுவர். கட்டணம் இல்லை. மேலே ஏறினால் ஊர் முழுதும் தெரியும், ஆனால் படிகள் உண்டு, மழை பெய்திருந்தால் வழுக்கும். அம்மா கீழே காபிக் கடையில் இருக்கட்டும், நீங்கள் மட்டும் ஏறி வாருங்கள். நடக்கும்போது ஒன்றை விடாமல் கவனியுங்கள்: செம்மண் நிறத் தரை சைக்கிள் பாதை. அதில் நின்று படம் எடுக்காதீர்கள். மாணவர்கள் வேகமாக வருவார்கள், மணி அடிப்பார்கள், அதற்குள் ஒதுங்க அம்மாவால் முடியாது. கல் பாவிய தெருக்கள் என்பதால் பட்டையான, பிடிப்புள்ள செருப்போ ஷூவோ வேண்டும்.

சுவர்களில் பல மொழிக் கவிதைகள் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். 1992-இல் தொடங்கி நூறைத் தாண்டிவிட்டன. பட்டியல் வைத்துத் தேடிப் போகாமல், வழியில் வந்ததை நின்று பாருங்கள். ரெம்ப்ராண்ட் 1606-இல் பிறந்த ஊர்தான், ஆனால் பிறந்த வீடு இன்று இல்லை, அதைத் தேடி அலைய வேண்டாம். இயற்கை அருங்காட்சியகம் நாட்டூராலிஸ், அறிவியல் வரலாற்றுக்கான பூர்ஹாவே இரண்டும் அருமையானவை. ஆனால் ஒவ்வொன்றும் அரை நாளைத் தின்றுவிடும், உங்கள் விருப்பத்துக்கு இந்த முறை விட்டுவிடலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் பதில் வேறாக இருக்கும். மாணவர்களின் இரவு வாழ்க்கை, மதுக்கூடங்கள் பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை, நான் அங்கே போனவன் இல்லை.

மாலையில் கால் மிச்சமிருந்தால் பல்கலைக்கழக நூலகம் வரை நடக்கலாம், ராப்பன்பர்க்கிலிருந்து சில நிமிடம்தான். அதன் மேல்தளத்தில் 2017-இல் திறந்த ஆசிய நூலகம். வாசலில் சொல்லிவிட்டு ஏறுங்கள். நூலகத்துக்கு அனுப்பும் மின்னஞ்சலை இன்றே எழுதிவிடுங்கள். பெரிய செப்பேடு, சிறிய செப்பேடு இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், வரப்போகும் தேதியைப் போடுங்கள், அம்மா தமிழாசிரியை என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அதே உட்காரலில் அந்த வாரத்து வைவா அட்டவணையையும் பார்த்து, நேரத்தை அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள்.